ஏர் பிஸ்டல் பெல்லட் டின்னில் இருக்கும் எண்கள்: சேலத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பார்கள். அதில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அப்புறம் கடையில் போய் நின்றால் ஒரே கம்பெனியின் நாலைந்து டின்களை எடுத்து முன்னால் வைப்பார்கள். ஒன்றில் 0.53 என்று இருக்கும், இன்னொன்றில் 8.2, மற்றொன்றில் 4.49, அடியில் ஏதோ நீளமான எண். "இதுதான் சார் நல்லா போகுது" என்று கடைக்காரர் ஒன்றைத் தள்ளுவார், நாமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

நான் பழக ஆரம்பித்தபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒன்று சொன்னார், கோச் ஒன்று சொன்னார், சீனியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுபவர்களை மனதில் வைத்து எழுதியது. ஏர் ரைபிளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குத் தாங்களே வெடிமருந்து நிரப்புவார்கள். எந்த மருந்து, எவ்வளவு எடை, என்ன வேகம் என்று 'லோடு டேட்டா' அட்டவணையைப் பார்த்து அளந்து போடுவார்கள். பார்க்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டு மேஜையில் செய்து பார்க்கிற வேலை இல்லை. நமக்கு வாய்த்த டேட்டா பெல்லட் டின்மேல் அச்சடித்திருப்பதுதான், அதை ஒழுங்காகப் படித்தாலே போதும்.

1. முதலில் 20 ஜூல் கணக்கு

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, மசில் எனர்ஜி 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். மசில் எனர்ஜி என்பது குழல் வாயிலிருந்து வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல். இந்த இரண்டு வரம்புக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. .22 ஏர் கன் "கொஞ்சம்தானே பெரிசு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வரம்புக்கு வெளியே.

மசில் எனர்ஜியை நீங்களே கணக்கிடலாம். பெல்லட்டின் எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் ஜூல் வந்துவிடும். போட்டிக்கான ஏர் பிஸ்டலில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 6 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. வரம்புக்கு வெகு கீழே இருப்பதால் இந்த வகையில் கவலையே இல்லை.

வில்லங்கம் ரைபிள் விளம்பரங்களில் இருக்கிறது. '1000 எஃப்.பி.எஸ்' என்று பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நொடிக்கு 1000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர். 0.45 கிராம் பெல்லட்டோடு அந்த வேகம் நிஜமாகவே வந்தால் கிட்டத்தட்ட 21 ஜூல் ஆகிவிடும், வரம்பு தாண்டிவிட்டது. பல நேரம் அந்த வேகம் மிக லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்ததாக இருக்கும், நிஜ பெல்லட்டில் வராது. எப்படியானாலும் எந்த எடைக்கு அந்த வேகம் என்று சொல்லாத விளம்பரத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மசில் எனர்ஜி எத்தனை ஜூல் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 0.45 கிராமுக்கு நொடிக்கு 298 மீட்டர், 0.53 கிராமுக்கு 274 மீட்டர், இந்த இரண்டையும் வரம்பாக நினைவில் வைத்துக்கொண்டால் கடையிலேயே சரிபார்த்துவிடலாம்.

2. எடை: கிராமும் கிரெயினும்

டின்னில் 0.53 என்றும் 8.2 என்றும் இருப்பது ஒரே எடைதான். முதலாவது கிராம், இரண்டாவது கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். அதேபோல் 0.45 கிராமும் 7.0 கிரெயினும் ஒன்று. ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனியின் ஆர்10 இந்த இரண்டு எடையிலும் வரும். எச் அண்ட் என் கம்பெனியின் ஃபினாலே மேட்ச்சில் லேசானது 0.49 கிராம், கனமானது 0.53.

லேசானதைப் பிஸ்டலுக்கு என்றும் கனமானதை ரைபிளுக்கு என்றும் சில டின்களில் போட்டிருப்பார்கள். அது ஒரு பரிந்துரைதான். பிஸ்டலில் 0.53 போட்டு நன்றாகச் சுடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறதோ அதுதான் உங்களுக்கு.

எடை மாறினால் என்ன ஆகும்? லேசானது கொஞ்சம் வேகமாகப் போகும், அதனால் குறைவாகத் தாழும். 10 மீட்டர் போவதற்குள் கனமானது சுமார் 22 மில்லிமீட்டர் தாழ்ந்தால் லேசானது 18, 19 தாழும். வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். குறிபார்க்கும் சைட்டைத் திருகினால் சரியாகிவிடும். ஆனால் திங்கட்கிழமை ஒரு எடை, வியாழக்கிழமை ஒரு எடை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் தவறு கையில் இருக்கிறதா டின்னில் இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாது.

தலை வடிவத்தைப் பற்றி ஒரு வரி போதும். காகித டார்கெட்டுக்குத் தட்டைத் தலை மட்டும். அது வட்டமாகச் சுத்தமாகத் துளையிடும், ஸ்கோர் பார்ப்பதில் தகராறு வராது. கூர்முனை, உருண்டைத் தலை பெல்லட் 'பவர்' என்று விற்கப்படும். நமக்கு வேண்டாம்.

3. தலை அளவு: 4.48 முதல் 4.52 வரை

டின்னின் ஓரத்தில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் 4.49, 4.50 என்று இருப்பது பெல்லட் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு இத்தனை வகையா என்று தோன்றும். குழலின் உள்பக்கம் ஒவ்வொரு துப்பாக்கியிலும் மிகச் சிறிதாக வேறுபடும், அதற்காகத்தான்.

இங்கேதான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு டின் வாங்கி, கையால் சுட்டுப் பார்த்து, "4.50 எனக்குச் செட் ஆகுது" என்று முடிவு கட்டுகிறார்கள். டார்கெட்டைப் பாருங்கள். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 10ஆம் வட்டம் 11.5 மில்லிமீட்டர், கறுப்புப் பகுதி முழுவதும் 59.5. ஆரம்பத்தில் உங்கள் கை ஆடும் ஆட்டத்துக்குக் குண்டுகள் அந்தக் கறுப்பு முழுக்கச் சிதறும், சில வெளியேயும் போகும். அதில் தலை அளவு தரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்? முடியாது. 4.49 அல்லது 4.50, கடையில் தொடர்ந்து கிடைப்பது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 9க்கு மேல் வர ஆரம்பித்த பிறகு தலை அளவைப் பற்றிக் கவலைப்படலாம்.

4. பேட்ச் எண்: யாரும் பார்க்காத எண்

டின்னின் அடியில் இருக்கும் நீளமான எண்தான் இது, எந்தத் தொகுதியில் செய்த சரக்கு என்று சொல்வது. என்னைக் கேட்டால் டின்னிலேயே முக்கியமான எண் இதுதான். ஒரே கம்பெனி, ஒரே எடை, ஒரே தலை அளவு என்றாலும் வேறு அச்சில், வேறு நாளில் செய்த பெல்லட் அப்படியே ஒன்றாக இருக்காது. பேட்ச் எண் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு டின்னும் ஒரே மாதிரி என்று நம்பலாம். ஒன்றொன்றாக ஐந்து முறை வாங்குவதைவிட, பேட்ச் எண் பார்த்து ஐந்து டின் சேர்த்து வாங்குவது நல்லது. ஆன்லைனில் ஆர்டர் செய்தால் போன் செய்து, "எல்லா டின்னும் ஒரே பேட்ச்சா அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பார்த்து அனுப்புவார்கள்.

எண்ணே இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் கொட்டி விற்கும் பெல்லட்டைத் தொடாதீர்கள். எடையும் தெரியாது, அளவும் தெரியாது, பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதி நசுங்கியிருக்கும்.

5. தராசு: இது சேலத்துக்காரர்களுக்குக் கிடைத்த வசதி

டின்னில் போட்டிருப்பது உண்மையா என்று பார்க்க எடை போட்டால் போதும். ஊர் முழுக்கக் கொலுசுப் பட்டறை இருப்பதால் எலக்ட்ரானிக் தராசு இங்கே அரிய பொருள் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஐந்து நிமிட வேலை. வெள்ளித் தராசு பல இடங்களில் மில்லிகிராம் வரை காட்டாது. அதனால் ஒரு பெல்லட்டை வைத்துப் பார்க்காதீர்கள். 50 பெல்லட்டை எண்ணி வைத்து, வரும் எடையை 50ஆல் வகுங்கள். 0.53 கிராம் பெல்லட் என்றால் 26.5 கிராம் வரவேண்டும், 0.45 என்றால் 22.5. இதை ஒட்டி வந்தால் டின் சரி. 26.5 வரவேண்டிய இடத்தில் 25 வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு கிடைத்தால் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கலாம் என்று ஆசை வரும். சிலர் செய்கிறார்கள். தொடக்கத்தில் அந்த நேரத்தை டிரை பயரிங்கில், அதாவது பெல்லட் போடாமல் டிரிக்கர் பழகுவதில், செலவிடுவது எத்தனையோ மேல். எடை பார்ப்பதைவிட, டின்னைத் திறந்ததும் வெள்ளைத் துணியில் கொட்டி நசுங்கியவற்றை எடுத்துப் போடுவது பலன் தரும்.

ஈயத்தைத் தொட்ட கையோடு டீ, வடை சாப்பிடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதுவும். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலருக்கு உண்டு. குழந்தைகள் அதைப் பார்த்துப் பழகிவிடுவார்கள், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

6. சுட்டுப் பார்ப்பது

ஒரு குழலுக்கு எந்த பெல்லட் ஒத்துப்போகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் துப்பாக்கியைக் கையில் பிடிக்கக் கூடாது. அசையாத ஸ்டாண்டில் பூட்டி, ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஐந்து ஐந்தாகச் சில குரூப், அதாவது ஒரே இடத்தைக் குறிவைத்த துளைக் கூட்டம், சுட வேண்டும். அப்படிப் பூட்டும் வைஸ் வசதி உங்கள் ரேஞ்சில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் துப்பாக்கியோடு கம்பெனி தரும் சோதனை டார்கெட் அட்டையைப் பாருங்கள். பல போட்டித் துப்பாக்கிகளின் பெட்டியில் அது இருக்கும்.

குரூப்பை அளப்பது சுலபம். மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அளந்து, அதில் 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். ஒரே ஒரு நல்ல குரூப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு டின்னுக்கும் நாலைந்து குரூப்பின் சராசரியை எடுங்கள்.

வீட்டில் சுடுபவர்களுக்கு: மொட்டை மாடியில் திறந்தவெளியில் டார்கெட் கட்டாதீர்கள். பின்னால் தடுப்பு முழுமையாக இருக்க வேண்டும். நேராக நிறுத்திய இரும்புத் தகட்டில் பட்ட குண்டு உங்களை நோக்கியே தெறிக்கும், தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுட வேண்டாம், பக்கத்தில் நிற்பவரும் போட்டிருக்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்டில் இடம் தாராளமாக இருக்கிறது என்று பறவைமேலோ முயல்மேலோ சுட்டால் அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். உரிமம் தேவையில்லாத துப்பாக்கி என்பது அங்கே பதில் ஆகாது.

7. காற்று, வெயில், மலை

பெல்லட்டைத் தள்ளுவது சிலிண்டர் காற்று. அதன் அழுத்தம் சரியில்லை என்றால் டின்னில் இருக்கும் எண் எதுவும் உதவாது. பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களின் சிலிண்டரை 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்புவார்கள். கையால் அடிக்கும் பம்பு, அல்லது ரேஞ்சில் இருக்கும் பெரிய டாங்க். காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு வெல்டிங் கடையில் ஆக்சிஜன் நிரப்பலாமே என்று யாராவது ஐடியா கொடுத்தால் ஓடிவிடுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயில் பட்டாலே வெடிக்கும்.

நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைக்காதீர்கள். 27 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 222 பார் ஆகும்.

ஏற்காட்டில் பழகுபவர்கள், 1500 மீட்டர் உயரத்தில் காற்று லேசாகிவிடுகிறதே, சைட் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். 10 மீட்டர் தூரத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. மலையில் தொல்லை பனிமூட்டமும் ஈரமும்தான். ஈயம் வெளுத்துப் பொடி படியும், இரும்புப் பாகங்கள் துரு ஏறும். டின்னைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெள்ளைப் பொடி படிந்த பெல்லட்டைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் 20 முறை திரும்பி மேலே போகும் பையில் டின் உருண்டுகொண்டே போனால் பெல்லட்டின் பின்பகுதி நசுங்கும். மூடிக்குக் கீழே ஒரு பஞ்சு வட்டம் வைத்து அழுத்தி மூடினால் ஆடாது.

பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் சிலிண்டர்மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். புது சிலிண்டர் இறக்குமதிச் சரக்கு, பேசி முடித்த விலையில் அதையும் கழித்துக் கேளுங்கள்.

8. காகிதங்கள்

துப்பாக்கி வாங்க அடையாளச் சான்று, முகவரிச் சான்று. பெரும்பாலும் ஆதார் நகலே போதும். முகவரி வேறாக இருந்தால் கூடுதலாக ஒன்று கேட்பார்கள். பில்லில் மாடல், வரிசை எண், .177 என்ற குழல் அளவு மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மசில் எனர்ஜியும் இருந்தால் இன்னும் நல்லது. பில்லை லேமினேட் செய்து நகலைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். சேலத்திலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ பஸ்ஸில் போகும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் அந்த ஒரு தாள்தான் பேசும். விமானத்தில் போனால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், சிலிண்டர் காலியாக இருக்க வேண்டும்.

கிளப் சேர்க்கைக்குப் பிறந்த தேதிச் சான்று, ஆதார், போட்டோ. சில கிளப்புகளில் ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையும் கேட்பார்கள். போட்டிகளுக்குப் போக நினைத்தால் தேசிய ரைபிள் சங்கத்தின் ஷூட்டர் ஐடி தேவைப்படும். பிள்ளைகளுக்கு என்றால் பிறந்த தேதி எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றில் ஒரு இனிஷியல் என்றால் பதிவு செய்யும் நேரத்தில் அலைய வேண்டிவரும்.

9. செலவும் நேரமும்

போட்டியில் 60 குண்டு, அதற்கு முன் டார்கெட் பழக 15 நிமிடம். பயிற்சியில் ஒரு வேளைக்கு 80, 90 பெல்லட் போகும். வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1500, அதாவது 500 பெல்லட் கொண்ட டின் மூன்று. இறக்குமதி மேட்ச் பெல்லட் டின் ஆயிரம் ரூபாயை ஒட்டி முன்னே பின்னே இருக்கும். மாதம் மூவாயிரம் பெல்லட்டுக்கே ஒதுக்க வேண்டும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று மாதம் விலை குறைந்த பயிற்சி பெல்லட்டில் பழகலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல டின்னைப் போட்டிக்கும் அதற்கு முந்தைய சில வாரங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகப் போட்டிப் பிஸ்டல் வாங்க அவசரம் வேண்டாம். ஸ்டெயர், மொரினி, பார்டினி, வால்தர் எதுவானாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல்தான் பேச்சே தொடங்கும். முதல் சில மாதங்கள் கிளப் பிஸ்டலில் பழகுங்கள். வாங்கும்போது எடை 1500 கிராமுக்குள், டிரிக்கரை இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டியில் இரண்டையும் சோதிப்பார்கள்.

பெல்லட் சரக்கு இறக்குமதியை நம்பியிருப்பதால் சில மாதங்களில் ஒரு குறிப்பிட்ட வகை எங்கேயும் கிடைக்காது. மாவட்ட, மாநிலப் போட்டிகள் நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்குவார்கள். அதனால் கையில் இரண்டு டின் இருக்கும்போதே அடுத்ததை ஆர்டர் செய்யுங்கள். பழைய பேட்ச் கிடைக்கவில்லை என்றால் புது பேட்ச்சைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பாவது திறந்து, சைட்டைத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய டின்னில் மிச்சம் இருப்பதைப் புதியதோடு கலக்காமல் தனியாக வைத்துப் பயிற்சியில் தீர்த்துவிடுங்கள்.